வீணை கேட்டால் 'படிப்ஸ்' ஆகிவிடுவோமா?

நம்ம பாலிடெக்னிக் பசங்க பட்டம் கொடுப்பதில் கெட்டிக்காரர்கள். காதில் என்ன பாட்டு ஓடுது என்பதை வைத்தே ஒருத்தனுக்கு ஜாதகம் கணித்து விடுவார்கள். குத்துப்பாட்டு என்றால் ஜாலியான ஆள். வீணை, வயலின், மிருதங்கம் என்று எவனாவது கேட்டால் தீர்ந்தது... 'படிப்ஸ்', 'பழம்', 'தாத்தா' என்று மூன்று பட்டமும் சேர்ந்தே வரும். இது நியாயம்தானா என்று யோசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் சர் சி.வி. ராமன். இசை விஷயத்தில் அவர் படிப்ஸுக்கெல்லாம் படிப்ஸ்!

1888 நவம்பர் 7-ம் தேதி திருச்சி திருவானைக்காவலில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர், வயலினும் வாசிப்பார். பதினோரு வயதில் மெட்ரிகுலேஷன், 1904-ல் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. இதெல்லாம் நாம் ஸ்கூல் புத்தகத்திலேயே படித்ததுதான், தாண்டிவிடலாம். ஸ்கூல் புத்தகத்தில் வராத ஒன்று உண்டு. தன் மனதைப் பிடித்த மூன்று புத்தகங்கள் என்று அவர் பின்னாளில் குறிப்பிட்டவற்றில் ஒன்று, ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இசை ஒலியைப் பற்றி எழுதியது. கல்யாணக் கதையிலும் இசைதான். லோகசுந்தரி அம்மாள் வீணை வாசித்துக் கொண்டிருந்தபோதுதான் ராமன் அவரை முதலில் பார்த்தார் என்று சொல்வார்கள்.

1907-ல் கல்கத்தாவில் அரசாங்க நிதி இலாகாவில் பெரிய உத்தியோகம். அப்போது வயது 18 தான், நம்ம வயசு! வேறு யாராக இருந்தாலும் அதோடு செட்டில் ஆகியிருப்பார்கள். இவரோ பவ்பஜார் தெருவில் இருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் கதவைத் தட்டினார். விடியற்காலையில் அங்கே, பிறகு ஆபீஸ், சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் மறுபடி அங்கே, வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். பத்து வருஷம் இப்படி. நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று டிரான்ஸ்பர் வேறு.

அந்த ராத்திரிகளில் அவர் என்ன ஆராய்ந்தார்? நிறைய விஷயங்கள். அதில் பெரும்பங்கு இசைக்கருவிகள். 1909-ல் ஏக்தாரா பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஏக்தாரா தெரியுமில்லையா? வங்காளத்தில் பாட்டுப் பாடி ஊர் ஊராகப் போகிறவர்கள் கையில் வைத்திருக்கும் ஒற்றைத் தந்திக் கருவி. சபா மேடை ஏறாத கருவி. அதற்கும் கட்டுரை! எனக்கு ராமனை ரொம்பப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

வயலினுக்கு ஒரு மெஷினே கட்டினார். கையால் வில்லை இழுத்தால் அழுத்தம் ஒவ்வொரு தடவையும் மாறும், அளக்க முடியாது. அதனால் இயந்திரத்தை வாசிக்க வைத்து, சுத்தமான நாதம் வருவதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அளந்தார். 1921-ல் வீணை, தம்புரா. சோனாமீட்டர் தந்தியை நட்ட நடுவில் மீட்டினால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் வராது, விதி அப்படித்தான் சொல்லுது. தம்புராவில் வருகிறது! காரணம் அதன் குதிரை. கத்தி முனை மாதிரி இல்லாமல் அகலமாக, லேசாக வளைந்து இருக்கும். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலையும் செருகுவார்கள். தந்தி அதிரும்போதெல்லாம் குதிரையை உரசி உரசி விலகுது. அந்த 'ரீங்...' என்ற ஜீவன் அங்கிருந்துதான் வருது.

மிருதங்கம் இதைவிட அதிசயம். சாதாரணமாக இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால் அதிர்வெண்கள் 1 : 1.59 : 2.14 : 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் வரும். அதனால்தான் பெரும்பாலான தோல் கருவிகளில் ஓசை வருமே தவிர, இன்ன ஸ்வரம் என்று சொல்ல முடியாது. மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் அந்தக் கறுப்பு வட்டம், சோறு என்றும் கரணை என்றும் சொல்வார்களே, அது தோலுக்குச் சரியான இடத்தில் சரியான எடையைக் கொடுத்து அதிர்வெண்களை 1 : 2 : 3 : 4 : 5 என்று வரிசைக்குக் கொண்டு வந்துவிடுகிறது. தந்திக் கருவி மாதிரி! இதை 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்.

இங்கே கொஞ்சம் நிற்கணும். அந்தக் கரணையைக் கண்டுபிடித்தது ராமன் இல்லை. கிட்டான் கல் பொடியையும் சோற்றையும் பிசைந்து, பூச்சு மேல் பூச்சாகத் தேய்த்து, ஒவ்வொரு பூச்சுக்கும் தட்டிப் பார்த்துக் காதாலேயே கண்டுபிடித்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் பேர் நமக்குத் தெரியாது. தோல் வேலை என்பதால் ஒதுக்கி வைக்கப்பட்ட குடும்பங்கள்தான் தஞ்சாவூர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் கட்டுகின்றன. மேடையில் வாசிக்கிறவருக்கு மாலை, கட்டியவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. இந்தச் சங்கீதம் 'படித்தவங்க வீட்டு' சமாச்சாரம் என்று நாம் நினைப்பதும், அதைக் கேட்கிறவனை படிப்ஸ் என்று கிண்டல் பண்ணுவதும் இதனால்தான் என்பது என் அபிப்பிராயம். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்க தெருவில் பறை உண்டு, வீணை கிடையாது. அதனால் வீணை எனக்குச் சம்பந்தமில்லாதது ஆகிவிடுமா? இல்லை, வீணை கேட்டால்தான் நான் அறிவாளி ஆகிவிடுவேனா? சபாவில் உட்கார்ந்து ஆயிரம் கச்சேரி கேட்டவர்கள் எத்தனை பேர்! அவர்களில் யார் தம்புராவின் குதிரையைக் குனிந்து பார்த்தார்கள்? ராமன் குனிந்து பார்த்தார். ஏக்தாராவையும் அதே மாதிரி பார்த்தார்.

1917-ல் அந்தப் பெரிய உத்தியோகத்தை விட்டுவிட்டு, சம்பளம் வெகுவாகக் குறைந்தாலும் பரவாயில்லை என்று கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு. உலகமே ஒளி, ஒளி என்று அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, 1934-ல் பெங்களூரில் உட்கார்ந்து மறுபடி மிருதங்கத்தைக் கையில் எடுத்தார் மனுஷன்! தோல் மேல் மெல்லிய மணலைத் தூவி, விரலை ஒவ்வொரு இடமாக வைத்துத் தட்டி, மணல் எந்தக் கோட்டில் ஒதுங்குது என்று பார்த்தார். ஒன்பது விதமான அதிர்வுகள் சேர்ந்து அந்த ஐந்து ஹார்மோனிக்குகளைத் தருகின்றன என்று காட்டினார். 1970 நவம்பர் 21-ல் பெங்களூரில் காலமானார்.

இந்தச் சோதனைக்கு லட்ச ரூபாய் கருவி எதுவும் வேண்டாம் நண்பர்களே, ஒரு பிடி மணல் போதும். பிசிக்ஸ் லேபில் மிருதங்கத்தையும் பறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பறைக்குக் கரணை கிடையாது, மணல் எப்படி ஒதுங்குது என்று பார்க்கலாம். பறை கொண்டு வருவது என் பொறுப்பு. மிருதங்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்க.