திரையிலும் இளவரசி, தரையிலும் இளவரசி

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

நாடகத்திலும் சினிமாவிலும் இளவரசியாக வருகிறவர்களை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். விளக்குகள் அணைந்ததும் அட்டைக் கிரீடத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, எல்லாரையும் போல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் கிரேஸ் கெல்லி என்னும் அமெரிக்க நடிகையோ, தாம் இளவரசியாக நடித்த படம் திரைக்கு வந்த அதே ஏப்ரல் மாதத்தில் மெய்யான இளவரசியாகவே ஆகிவிட்டார். இது கதையன்று, 1956-ஆம் ஆண்டில் உலகமே கண்டு வியந்த நிகழ்ச்சி.

கிரேஸ் என்றால் அருள் என்று பொருள். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் தற்செயல் ஒற்றுமைகளை மாலையாகத் தொடுத்து, எல்லாம் விதியின் விளையாட்டு என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அந்த மாலையில் நல்ல மலர்களும் உண்டு, காகித மலர்களும் உண்டு.

கிரேஸ் 1929 நவம்பர் 12-ஆம் நாள் ஃபிலடெல்ஃபியா நகரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில், நான்கு பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். தந்தை ஜாக் கெல்லி ஐரிஷ் வழி வந்தவர். கொத்து வேலை செய்து முன்னேறி, பெரிய கட்டட ஒப்பந்தக்காரர் ஆனவர். படகு வலிப்பதில் மகா வல்லவர். 1920-இல் இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியில் கலந்துகொள்ள மனுச் செய்தார். அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அவருடைய படகுக் கழகத்தின் மேல் பழைய தடை ஒன்று இருந்தது. கையால் உழைத்துக் கூலி வாங்கியவர் என்பதும் ஒரு குறையாகக் கருதப்பட்டதாம்! அதே ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், ஹென்லியில் வென்ற அதே ஆங்கிலேயரை அவர் தோற்கடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். மொத்தம் மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் அவருக்கு உண்டு. அத்துடன் விட்டாரா? தம் மகனைப் பழக்கி, 1947-லும் 1949-லும் ஹென்லியிலேயே வெற்றி பெறச் செய்தார். இப்படிப்பட்ட வீட்டில், அடிக்கடி நோய்வாய்ப்படும், கூச்ச சுபாவமுள்ள, கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிந்த கிரேஸைப் பற்றி யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

கிரேஸும் நம்மைப் போலவே கான்வென்ட் மாணவிதான். ரேவன்ஹில் என்னும் பள்ளியில் கன்னியரிடம் படித்தார். பிற்காலத்தில், 'ஹை நூன்' படத்துக்காக டைரக்டர் பிரெட் ஜின்னமானைப் பார்க்கப் போனபோது வெள்ளைக் கையுறை அணிந்து போனார். வாய்ப்புத் தேடி வரும் நடிகைகளில் அப்படி வந்த ஒருவரை அந்த டைரக்டர் அதுவரை கண்டதில்லையாம். கான்வென்ட் பழக்கம் எளிதில் விடுவதில்லை என்பது நம் சிஸ்டர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாக இருக்கலாம்.

கணக்குப் பாடத்தைக் கண்டு நடுங்கும் தோழியர் அடுத்ததைக் கவனமாகப் படிக்கவும். 1947-இல் பென்னிங்டன் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார் கிரேஸ். கணக்கில் மதிப்பெண் போதவில்லை என்று இடம் மறுக்கப்பட்டது. அதன் பிறகுதான் நியூயார்க் நாடகப் பள்ளியின் கதவைத் தட்டினார். அங்கும் அவ்வருடச் சேர்க்கை முடிந்திருந்தது. ஆனால் அவருடைய பெரியப்பா ஜார்ஜ் கெல்லி, 1926-இல் புலிட்சர் பரிசு பெற்ற நாடகாசிரியர். அந்த உறவை முன்னிட்டு நடித்துக் காட்ட அனுமதித்தார்கள். பெரியப்பாவின் நாடகக் காட்சி ஒன்றையே நடித்துக் காட்டி இடம் பெற்றுவிட்டார். படிப்புச் செலவுக்கு விளம்பரப் படங்களில் மாடலாக நின்றார். பணக்கார வீட்டுப் பெண்தான். ஆனாலும் தந்தையிடம் கை நீட்ட விரும்பவில்லை.

இனி, எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமையைச் சொல்கிறேன். 1950-இல் 'டாக்ஸி' என்ற படத்தில் ஓர் ஐரிஷ் பெண் வேடத்துக்காக டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் கம்பெனி கிரேஸை வைத்துச் சோதனைப் படம் எடுத்துப் பார்த்தது. வேடம் வேறொருவருக்குப் போய்விட்டது. தோல்விதான்! ஆனால் அந்தச் சோதனைச் சுருள் வீணாகவில்லை. அதை டைரக்டர் ஜான் ஃபோர்டு பார்த்துத் தம் 'மொகாம்போ' படத்தில் வேடம் கொடுத்தார். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கும் அதையே பார்த்து 'டயல் எம் ஃபார் மர்டர்' படத்துக்கு அழைத்தார். வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த ஃபாக்ஸ் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 26 ஆண்டுகள் கழித்து, 1976-இல், தன் நிர்வாகக் குழுவிலேயே அவரை உறுப்பினராக்கிக்கொண்டது.

'மொகாம்போ'விலும் ஒரு விந்தை உண்டு. அது 1932-இல் வந்த 'ரெட் டஸ்ட்' படத்தின் மறு ஆக்கம். இரண்டிலும் கதாநாயகன் கிளார்க் கேபிள்தான்! இருபத்தோரு ஆண்டுகளில் கதாநாயகிகள் மாறினார்கள், கதாநாயகர் மாறவில்லை. நம் நாட்டிலும் இது புதிதன்று என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது.

1953-இல் 'ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்', 'ரியர் விண்டோ' ஆகிய இரண்டு படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ'வை எடுத்துக்கொண்டார் கிரேஸ். அவர் விட்டுவிட்ட வேடத்தை ஈவா மேரி செயிண்ட் ஏற்றார். 1955 மார்ச் 30-ஆம் நாள் நடந்த ஆஸ்கார் விழாவில் ஈவாவுக்குச் சிறந்த துணை நடிகை விருது; அதே இரவில் கிரேஸுக்குச் சிறந்த நடிகை விருது! ஆனால் கிரேஸுக்கு விருது தந்தது 'ரியர் விண்டோ' அன்று, 'தி கன்ட்ரி கேர்ள்'. அந்தப் படத்தில் முதலில் நடிக்க இருந்தவர் ஜெனிஃபர் ஜோன்ஸ். அவர் தாய்மை அடைந்திருந்ததால் வேடம் கிரேஸிடம் வந்தது. இன்னொரு பக்கம் பாருங்கள். அந்த வருடம் விருது ஜூடி கார்லண்டுக்குத்தான் என்று பலர் நம்பினார்கள். விழாவுக்கு முதல் நாள் ஜூடிக்கு ஆண் குழந்தை பிறந்தது. மருத்துவமனை அறையிலேயே டெலிவிஷன் காமிராக்களைப் பொருத்திக் காத்திருந்தார்கள். கிரேஸின் பெயர் அறிவிக்கப்பட்டதும் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவருடைய வெற்றியைப் படிக்கும்போது மற்றவருடைய கட்டில் அருகே நடந்ததையும் நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆஸ்கார் பெற்ற ஐந்தாவது வாரம், கான் திரைப்பட விழாவுக்காகப் பிரான்சுக்குப் போனார். அருகிலுள்ள மொனாக்கோ சின்னஞ்சிறு நாடு. இன்றும் இரண்டு சதுர கிலோமீட்டர் அளவுதான். அதை ஆண்டுவந்த இளவரசர் ரெய்னியரோடு கிரேஸைப் படம் பிடிக்க ஒரு பத்திரிகை ஏற்பாடு செய்தது. 1955 மே 6. அன்று பார்த்து மின்சாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம்! உடைக்கு இஸ்திரி போட முடியவில்லை; தலைமுடியை உலர்த்த முடியவில்லை. ஈரத் தலையை வாரிக் கட்டி, கசங்காத பூப்போட்ட உடை ஒன்றை மாட்டிக்கொண்டு ஓடினார். இளவரசரும் தாமதமாகவே வந்தார். தம் மிருகக்காட்சிச் சாலைக்கு அழைத்துப்போய்ப் புலியின் கூண்டுக்குள் கையை விட்டுக் காட்டினாராம். அதன் பிறகு கடிதங்கள். நடுவிலே நின்று நல்வார்த்தை சொன்னவர் இளவரசரின் குருவானவர் ஃபாதர் டக்கர், அவரும் அமெரிக்கரே.

அந்த 1955-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், நிச்சயதார்த்தம் ஆவதற்கு முன்பே, 'தி ஸ்வான்' படப்பிடிப்பு நடந்தது. 'அன்னம்' என்பது பொருள். பட்டத்து இளவரசரை மணக்கவேண்டிய இளம்பெண்ணின் கதை அது. அன்னம் நீரில் இருக்கும்வரைதான் அழகு, கரையேறினால் வெறும் வாத்துதான், ஆகவே ஏரியின் நடுவிலேயே நிமிர்ந்து நீந்தவேண்டும் என்பது அக்கதையின் கருத்து. இளவரசராக நடித்தவர் அலெக் கின்னஸ். அந்தப் பாத்திரத்தின் பெயர் ஆல்பர்ட். பின்னாளில் கிரேஸுக்குப் பிறந்த மகனின் பெயரும் ஆல்பர்ட்! இதை வியப்போடு எழுதுகிறார்கள். ஆனால் ரெய்னியரின் கொள்ளுப்பாட்டனார் பெயர் முதலாம் ஆல்பர்ட் என்பதை அறிந்தால் வியப்புப் பாதி குறைந்துவிடும். படம் ஏப்ரலில் வெளிவந்ததும் தற்செயலன்று. கல்யாண நேரத்தில் வெளியிட்டால் கூட்டம் வரும் என்று கம்பெனிக்குத் தெரியாதா?

உண்மையான தற்செயல் வேறிடத்தில் இருக்கிறது. அதை யாரும் அதிகம் எழுதுவதில்லை. இதே கதை 1925-இல் மௌனப் படமாக வந்தது. அதில் அதே இளவரசியாக நடித்த ஃபிரான்சஸ் ஹோவர்ட் அந்த வருடம் ஏப்ரல் மாதத்தில் பட அதிபர் சாமுவேல் கோல்ட்வினை மணந்துகொண்டு நடிப்பை விட்டுவிட்டார். அன்னமாக நடித்த இருவரும் கல்யாணத்தோடு திரையை விட்டார்கள், அதுவும் ஏப்ரலில்!

இந்தப் படப்பிடிப்பில் தொடங்கிய வேடிக்கை ஒன்றையும் சொல்லவேண்டும். கின்னஸுக்குச் செவ்விந்தியர் கைக்கோடரி ஒன்று கிடைத்தது. ஊரைவிட்டுப் போகும்போது ஓட்டல் பணியாளிடம் சொல்லி அதைக் கிரேஸின் படுக்கைக்குள் வைத்துவிட்டார். கிரேஸ் ஒன்றும் பேசவில்லை. சில ஆண்டுகள் கழித்து லண்டனில் கின்னஸ் தம் வீட்டுப் படுக்கையில் காலை நீட்டினால், அங்கே அதே கோடரி! இப்படி இருபது வருடங்களுக்கு மேலாக அது மாறி மாறிப் பயணம் செய்தது. இருவருமே அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கின்னஸ் 1956 மார்ச்சில், அதாவது கிரேஸின் திருமணத்துக்குச் சில வாரங்களுக்கு முன், கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார் என்பது துணைச் செய்தி.

1956 ஜனவரி 5-இல் நிச்சயதார்த்தம் அறிவிக்கப்பட்டது. கடைசிப் படமான 'ஹை சொசைட்டி'யில் தம் சொந்த நிச்சயதார்த்த மோதிரத்தையே அணிந்து நடித்தார். ஏப்ரல் 19-ஆம் நாள் மொனாக்கோ பேராலயத்தில் திருமணம். மணமகள் உடையை வடிவமைத்தவர் ஹெலன் ரோஸ்; 'தி ஸ்வான்' படத்து இளவரசிக்கு உடை தைத்த அதே கை. அது எம்.ஜி.எம். கம்பெனியின் பரிசு. அவ்வுடை பின்னர் கிரேஸின் சொந்த ஊரான ஃபிலடெல்ஃபியாவின் கலைக்கூடத்துக்குப் போய்விட்டது. மூன்று குழந்தைகள் பிறந்தார்கள்: 1957-இல் கரோலின், 1958-இல் ஆல்பர்ட், 1965-இல் ஸ்டெஃபனி. வாரிசு இல்லாமற்போனால் மொனாக்கோ பிரான்சின் பாதுகாப்புக்குள் போய்விடும் என்று 1918-இல் ஒப்பந்தம் இருந்ததால், அந்நாட்டார் ஆண்பிள்ளைக்காக எப்படிக் காத்திருந்திருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

ஐந்தே ஆண்டுகளில் பதினொரு படங்கள். 26 வயதில் முற்றுப்புள்ளி. அது அவருக்கு எளிதாக இருந்ததா? 1962 மார்ச்சில் அரண்மனை ஓர் அறிவிப்பு வெளியிட்டது: ஹிட்ச்காக்கின் 'மார்னி' படத்தில் இளவரசி நடிப்பார் என்று. மார்னி ஒரு திருடி. தங்கள் இளவரசி திருடியாக நடிப்பதையும், வேறொரு நடிகரோடு காதல் காட்சியில் வருவதையும் மொனாக்கோ மக்கள் விரும்பவில்லை. பிரான்சோடு வரித் தகராறும் முற்றிக்கொண்டிருந்த நேரம். சில மாதங்களில் கிரேஸ் விலகிவிட்டார். வருந்தி ஹிட்ச்காக்குக்குக் கடிதம் எழுதினார். டிப்பி ஹெட்ரன் நடித்துப் படம் 1964-இல் வந்தது. அதன் கதை நடக்கும் ஊர்களில் ஒன்று ஃபிலடெல்ஃபியா! சொந்த ஊர்க் கதையில் நடிக்கும் வாய்ப்பும் போயிற்று. அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஆஸ்காரோ அரண்மனையோ அல்ல, இந்த 1962-தான். தான் விரும்பிய தொழிலை, அதில் திறமை குன்றாத நிலையில், மறுபடியும் ஒருமுறை விடுவது லேசான காரியமா?

அவர் சும்மா இருக்கவில்லை. 1963-இல் குழந்தைகளின் நலனுக்காக ஒரு சங்கம் நிறுவினார். 1976 முதல் மேடைகளில் கவிதை வாசித்தார். பழைய நட்பையும் மறக்கவில்லை. 1951-இல் நியூயார்க் உணவுச்சாலை ஒன்றில் கறுப்பினப் பாடகி ஜோசஃபின் பேக்கருக்கு உணவு பரிமாற மறுத்தபோது, அங்கிருந்த கிரேஸ் தம் நண்பர்களோடு அவருடன் வெளியேறினார் என்பார்கள். 1969-இல் அதே ஜோசஃபின் வீடிழந்து, தத்தெடுத்த பிள்ளைகளோடு நின்றபோது தங்க வீடு கிடைக்க உதவினார். 1975-இல் இறந்த ஜோசஃபின் மொனாக்கோவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 2021-இல் பாரிஸில் பிரெஞ்சு நாட்டுப் பெரியோர் மண்டபத்தில் அவருக்கு இடமளித்தபோதும் உடல் மொனாக்கோவில்தான் இருந்தது.

கடைசியாக, எல்லாரும் சொல்லும் ஒற்றுமைக்கு வருகிறேன். 'டு கேட்ச் எ தீஃப்' படத்தில் கிரேஸ் மலைச் சாலையில் காரை வேகமாக ஓட்ட, பக்கத்தில் கேரி கிராண்ட் நடுங்கியபடி உட்கார்ந்திருப்பார். 1982 செப்டம்பர் 13-ஆம் நாள் தம் மலை வீட்டிலிருந்து மகள் ஸ்டெஃபனியுடன் காரை ஓட்டி வந்தபோது கிரேஸுக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. கார் வளைவிலிருந்து சரிவில் விழுந்தது. மகள் காயங்களோடு பிழைத்தார். மறுநாள் தாய் இறந்தார். வயது 52. அதே சாலை, அதே வளைவு என்று பத்திரிகைகள் எழுதின. மலைப்பகுதி ஒன்றே தவிர, வளைவு அதுவே என்பதற்குச் சான்று கிடையாது. மேலும், படத்தில் முகங்கள் தெரியும் பகுதிகளை ஹாலிவுட் ஸ்டூடியோவில் பின்னால் திரையில் சாலையை ஓடவிட்டுத்தான் எடுத்தார்கள். ஒரு தாயின் மரணத்தை அலங்கரிக்கக் காகித மலர் தேவையில்லை.

மணமகளாக நுழைந்த அதே பேராலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். ரெய்னியர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 2005-இல் அவரும் பக்கத்திலேயே அடக்கமானார். கிரேஸின் கல்லறைக் கல்லில் இலத்தீன் மொழியில் அவர் பெயரும், ரெய்னியரின் மனைவி என்பதும், இறந்த ஆண்டும் மட்டுமே உள்ளன. ஆஸ்காரைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை.