பகைவர்க்கும் மருந்திட்ட பெருந்தகை

நன்மை செய்தவர்பால் அன்பு காட்டுதல் எளிது. தீங்கு செய்தவர்பாலும் அருள் சுரப்பதே அறத்தின் உயர்நிலை. இதனைச் சமயங்கள் பலவும் போற்றுகின்றன. தம்மீது பெருமழை பொழிந்து இடர் செய்த கமடனையும், தம்மைக் காத்து நின்ற தரணேந்திரனையும் பார்சுவநாதப் பெருமான் ஒரே நோக்கில் கண்டதை நாம் அறிவோம். இந்நெறியைப் போர்க்களத்திற்குக் கொண்டு சென்ற கிறித்தவர் ஒருவரின் வாழ்வை இங்குக் காண்போம்.

ஹென்றி டியூனாண்ட் 1828-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் ஜெனீவா நகரில் பிறந்தார். இளமையிலேயே ஏழைகளுக்குத் தொண்டாற்றிய அவர், பின்னர் அல்ஜீரியாவில் மாவு ஆலைத் தொழிலில் இறங்கினார். அதற்கு வேண்டிய நீருரிமையைப் பெறுவதற்காகப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைத் தேடி வடஇத்தாலிக்குச் சென்றார்.

அங்கே 1859-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் சோல்பெரினோவில் பிரெஞ்சு, சார்டினியப் படைகள் ஆஸ்திரியப் படையோடு பொருதன. மாண்டோரும் காயமுற்றோருமாக ஏறத்தாழ 40,000 பேர் வீழ்ந்தனர். அருகிலிருந்த காஸ்டிலியோனே ஊரின் தேவாலயங்களில் காயமுற்றோர் குவிந்தனர். டியூனாண்ட் வந்த வேலையை மறந்தார். ஊர்ப் பெண்களைத் திரட்டி, புண்களைக் கழுவிக் கட்டி, தாகத்திற்கு நீர் கொடுத்தார். நம்மவர், பகைவர் என்னும் வேற்றுமை அவரிடம் இல்லை. அதனைக் கண்ட பெண்களும் அவ்வாறே தொண்டாற்றினர். சிறைப்பட்ட ஆஸ்திரிய மருத்துவர்களை விடுவிக்கவும் அவர் முயன்றார்.

1862-இல் அக்கொடுமையை நூலாக எழுதி வெளியிட்டார். அதன் பயனாக 1863-இல் ஐவர் குழு தோன்றிச் செஞ்சிலுவை இயக்கமாக வளர்ந்தது. 1864 ஆகஸ்டு 22-இல் 12 நாடுகள் ஜெனீவா உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. எந்நாட்டு வீரராயினும் காயமுற்றவரைப் பேணவேண்டும் என்பது சட்டமாயிற்று. பின்னர் 1876-இல் துருக்கியர் தமக்குச் செம்பிறையைச் சின்னமாகக் கொண்டபோதும், எதிரியின் செஞ்சிலுவையை மதிப்பதாக உறுதி கூறினர். சின்னங்கள் வேறாயினும் அருள் ஒன்றே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் டியூனாண்டின் வாழ்வு இன்பமாக அமையவில்லை. 1867-இல் தொழில் நொடித்துக் கடனாளியானார். பிறந்த ஊர் அவரைப் புறக்கணித்தது. தாம் தோற்றுவித்த குழுவிலிருந்தும் விலக நேர்ந்தது. நெடுங்காலம் வறுமையில் அலைந்து, ஹைடன் என்னும் சிற்றூரில் தங்கினார். 1901-இல் முதல் அமைதி நோபல் பரிசைப் பிரெடெரிக் பாசியுடன் பகிர்ந்து பெற்றார். அப்போதும் பழைய மனக்காயம் அவருக்கு முற்றும் ஆறவில்லை. களத்துப் பகைவரை மன்னிப்பதினும், நம்மை அவமதித்த சுற்றத்தாரை மன்னித்தல் எத்துணை அரிது என்பதை இதனால் உணர்கிறோம்.

எனினும் பரிசுப் பணத்தைத் தமக்கென அவர் செலவிடவில்லை. அவ்வூர் மருத்துவ இல்லத்தில் ஏழை நோயாளி ஒருவருக்கு எந்நாளும் இலவசப் படுக்கை கிடைக்கவும், அறநிலையங்களுக்கு உதவவும் எழுதி வைத்தார். 1910 அக்டோபர் 30-இல் மறைந்தார்.

பெரும்பகை நமக்கு இல்லாதிருக்கலாம். பேச்சற்றுப் போன உறவினரும் அயலாரும் இல்லாத இல்லம் அரிது. மன்னிப்பு வேண்டுதலையும் மன்னித்தலையும் நோன்பாகக் கொண்ட நாம், அவர்தம் வாயிலிலிருந்தே அருளைத் தொடங்குவோமாக.