ராமானுஜன் பேப்பரும் திரும்பி வந்துச்சு

ஃபைனல் இயர் புராஜெக்டை எந்த ஜர்னலுக்கு அனுப்பலாம்னு தேட ஆரம்பிச்சாலே போதும், ரெண்டு நாள்ல போட்டுத் தர்றோம், பணம் மட்டும் கட்டுங்கன்னு மெயில் வந்து குவியும். கட்டறதுக்கு முன்னாடி ராமானுஜன் கதையை ஒரு தடவை படிச்சிடுங்க.

1887-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர வேற பாடத்தில் மனசு போகல. உதவித்தொகை போச்சு, எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. மிச்சம் இருந்தது நோட்டுப் புத்தகங்கள்தான். 1910-ல் அதோட திருக்கோவிலூர் போய் டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயரைப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர் அவர்.

அந்தக் கழகத்தோட ஜர்னலில்தான் 1911-ல் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. பெர்னூலி எண்கள் பற்றியது. ஆனா அனுப்பின உடனே அச்சாகிடல. எடிட்டர் நாராயண ஐயங்கார், எழுத்து தெளிவா இல்லைன்னு திருப்பி அனுப்பினார். திருத்தி அனுப்பினால் மறுபடியும் திரும்பி வந்தது. அப்படிப் பலமுறை போய் வந்த பிறகுதான் வெளியானது.

1912-ல் சென்னை துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்கு கிளார்க் வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி அசந்து போனார், ஆனாலும் நிரூபணம் எங்கேன்னு கேட்டார். பகா எண்கள் பற்றி ராமானுஜன் எழுதியதில் தப்பு இருந்ததையும் கண்டுபிடிச்சார். 1914-ல் ராமானுஜன் இங்கிலாந்து போனார். அடுத்த வருஷம் லண்டன் கணிதக் கழக ஜர்னலில் வந்த நீளமான கட்டுரைக்காக 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைச்சது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920-ல், 32 வயசில், இறந்துட்டார்.

அவர் பேப்பரையே திருப்பி அனுப்பியிருக்காங்கன்னா, உங்க பேப்பரை ஒரு கேள்வியும் கேட்காம ரெண்டு நாள்ல ஏத்துக்கிறவங்க அதைப் படிச்சிருப்பாங்களா? யோசிங்க.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஸ்கோபஸில் இருக்கோம்னு ஜர்னல் சொன்னா, ஸ்கோபஸ் தளத்துக்கே போய்த் தேடுங்க. ஐ.எஸ்.எஸ்.என். இருக்கேன்னு ஏமாறாதீங்க, அது வெறும் அடையாள எண், தரச் சான்று இல்ல. எடிட்டர் குழுவில் பேர் இருக்கிற பேராசிரியருக்கு அவரோட காலேஜ் முகவரியில் ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. சிலருக்குத் தன் பேர் அங்கே இருப்பதே தெரியாது. போன வருஷ இதழ்ல ரெண்டு கட்டுரையைப் படிச்சும் பாருங்க.

பணம் போனா சம்பாதிச்சுக்கலாம். ஆனா ஒரு தடவை அங்கே அச்சாகிட்டா, அதே ஆய்வை நல்ல ஜர்னல் எதுவும் புதுசுன்னு எடுத்துக்காது. உங்க ஒரு வருஷ உழைப்பு யாருமே படிக்காத பக்கத்தில் மாட்டிக்கும். அதனால ரிவ்யூவர் நாலு பக்கத்துக்குக் குறை சொல்லி அனுப்பினா சந்தோஷப்படுங்க. ஒருத்தர் உட்கார்ந்து படிச்சிருக்கார்.