பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனார்

குன்றக்குடித் தேர்வடத்தை நம் செட்டிநாட்டார் அறிவர். தனிப்புரி எளிதில் அறும். புரிகள் கூடி முறுக்குண்ட வடமோ தேரையே நகர்த்தும். நம் யாக்கையிலும் தோல், என்பு, தசைநாண் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் முப்புரி வடமொன்றுண்டு. அதுவே கொலாஜன் என்னும் புரதம். இவ்வடத்தைத் திரிக்கும் நுண்ணிய உயிரணுக்களை ஹார்மோன்கள் என்னும் சுரப்புநீர்கள் ஏவியும் அடக்கியும் நடத்துகின்றன. வளர்ச்சி ஹார்மோன் அத்தொழிலைத் தூண்டும். கார்டிசால் மிகுமாயின் அது குன்றித் தோல் மெலியும், புண் ஆறுதலும் தாமதமாகும். இவ்வடத்தின் அமைப்பை உலகிற்கு உணர்த்திய தமிழ்ப் பேரறிஞரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இராமச்சந்திரனார் 1922-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில், நம்மைப் போன்றே ஆனர்ஸ் மாணவராய்ப் பௌதிகம் பயின்றார். மின்பொறியியல் கற்கப் பெங்களூர் சென்றவரைச் சர் சி. வி. இராமன் தம் துறைக்கு ஈர்த்துக்கொண்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று மீண்டு, 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பௌதிகத் துறைத் தலைவரானார்.

கொலாஜனின் அமைப்பு விளங்காதிருப்பதனை ஆங்கு வந்த அறிஞர் பெர்னால் வாயிலாக அறிந்த அவர், அதனையே தம் பணியாக மேற்கொண்டார். கங்காருவின் வால் தசைநாணிற் பெற்ற கொலாஜனை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, கோபிநாத கர்த்தாவுடன் 1954-இல் முப்புரி அமைப்பை வெளியிட்டார். மறு ஆண்டே அதனைத் திருத்தி, மூன்று புரிகளும் ஒன்றையொன்று சுற்றி முறுகியிருத்தலைக் காட்டினார்.

ஆயின், மேனாட்டறிஞரான கிரிக்கும் ரிச்சும் தடை எழுப்பினர். அவ்வமைப்பில் அணுக்கள் சில அளவிற்கு மிஞ்சி நெருங்கியுள்ளன என்றும், புரிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு அவர் கூறியவாறு இரண்டன்று, ஒன்றே என்றும் அவர்கள் மறுத்தனர். பிற்கால ஆராய்ச்சியும் பிணைப்பு ஒன்றே எனக் காட்டிற்று. முப்புரி என்னும் அடிப்படையோ அசையாது நின்றது.

அத்தடையால் இராமச்சந்திரனார் சோர்ந்தாரல்லர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்னும் வினாவையே எடுத்துக்கொண்டு, அறியப்பட்ட படிகங்களையெல்லாம் ஆராய்ந்தார். அதன் பயனாகச் சசிசேகரன், இராமகிருஷ்ணன் என்பாருடன் 1963-இல் வெளியிட்டதே இராமச்சந்திரன் வரைபடம். புரதத்தின் அமைப்பு எதனையும் இன்றும் அறிஞர் இவ்வுரைகல்லில் உரைத்தே பார்க்கின்றனர்.

1977-இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரான இவர், 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் மறைந்தார். நோபெல் பரிசு இவரை அடைந்திலது. ஆயினும் இவர் பெயர் உலகின் ஆய்வுக்கூடங்களிலெல்லாம் நாளும் ஒலிக்கின்றது. தம் பிழையைச் சுட்டிய சொல்லையே வித்தாகக் கொண்டு பெரும் பயன் விளைத்த இவர் வாழ்வு, குறை கூறக் கேட்டால் முகம் வாடும் மாணவராகிய நமக்கு நல்வழி காட்டுக! நம்மை வியத்தகு முறையில் வனைந்த இறைவன் அதற்குத் துணைபுரிவானாக!