பெரியக்கா அனசூயா

மலருக்காக ஒரு தலைவியின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லிக் கூட்டமைப்பில் கேட்டாங்க. நான் பீஸ் ரேட்டுக்குத் துணி தைக்கிறவள். அதனால கூலிக்காக நின்ற ஒரு பெண்ணையே எடுத்துக்கொண்டேன். அவர் அனசூயா சாராபாய்.

1885ல் குஜராத்தின் அகமதாபாத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா, அம்மா தவறிட்டாங்க. 13 வயசில் கல்யாணம். அது நிலைக்கவில்லை, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தார். தம்பி அம்பாலால் துணையாக இருந்து 1912ல் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார். ஓட்டுரிமைக்காகப் போராடிய பெண்களை அனசூயா அங்கே பார்த்தார்.

ஊர் திரும்பி, ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். ஒருநாள் காலை, தள்ளாடி நடந்து வந்த தொழிலாளிகளை விசாரித்தார். 36 மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டு வருவதாகத் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் அவங்க பக்கம்தான்.

1917ல் அகமதாபாத்தில் பிளேக் பரவியது. தொழிலாளிகள் ஊரை விட்டுப் போயிடக்கூடாது என்று ஆலைக்காரங்க பிளேக் போனஸ் கொடுத்தாங்க. நோய் தணிந்ததும் நிறுத்திட்டாங்க. விலைவாசி மட்டும் இறங்கவில்லை. தொழிலாளிகள் 50 சதவீத உயர்வு கேட்டாங்க. முதலாளிகள் 20க்கு மேல் ஏறவில்லை. காந்தியடிகள் கணக்குப் பார்த்து 35 நியாயம் என்றார். அதிலேயே எல்லோரும் உறுதியாக நின்றார்கள்.

முதலாளிகள் பக்கம் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? தம்பி அம்பாலால்தான்! அவர் கெட்டவர் இல்லை, அக்காவைப் படிக்க வைத்தவர். ஆனாலும் கூலி தானா உயரவில்லை. முதலாளி நல்லவரா என்பது வேறு, கூலி எவ்வளவு என்பது வேறு. ஒருத்தர் போய்க் கேட்டால் வேலையை விட்டு நிறுத்திடலாம். ஆயிரக்கணக்கானோர் கையைக் கட்டி நின்றால் தறி ஓடாது.

1918 பிப்ரவரி, மார்ச்சில் தினமும் சபர்மதி ஆற்றங்கரையில் மரத்தடியில் கூடினாங்க. நாளாக நாளாகப் பசி வாட்டியது, சிலர் தளர்ந்தாங்க. காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்தார். மூன்றாம் நாள் சமரசம் ஆனது. நடுவர் கடைசியில் 35 சதவீதமே சரி என்று தீர்ப்புச் சொன்னார்.

அனசூயா அதோடு வீட்டுக்குப் போயிடவில்லை. போராட்டம் முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும். அடுத்த தடவை கூலியைக் குறைத்தால் யார் கேட்பது? 1920ல் நிரந்தரமான தொழிற்சங்கம் உருவானது. அதற்குத் தலைவி அனசூயா. தொழிலாளிகள் அவரைப் பெரியக்கா என்ற பொருளில் மோட்டாபென் என்று அழைத்தாங்க.

1972ல் காலமானார். அதே ஆண்டில், அந்தச் சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து இலா பட் தலைமையில் சேவா சங்கம் பிறந்தது. வீட்டிலிருந்து தைப்பவர், தெருவில் விற்பவர், சுமை தூக்குபவர் எல்லாம் அதில் சேர்ந்தாங்க. முதலாளி யாரென்றே சொல்ல முடியாதவங்களுக்குச் சங்கம் எதற்கு என்று பதிவு செய்யத் தயங்கினாங்க. தொழிலாளிகள் ஒன்றுசேரத்தான் சங்கம் என்று வாதாடிப் பதிவு வாங்கினாங்க.

சேமிக்கவும் கடனைத் திருப்பவும் நமக்கு நல்லாத் தெரியும். கூலியை மட்டும் இன்னும் தனித்தனியாத்தான் பேசுகிறோம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு பீஸுக்கு எவ்வளவு என்பதுகூட நமக்குத் தெரியாது. அடுத்த குழுக் கூட்டத்தில் சந்தா வசூலித்த கையோடு, யார் யாருக்கு என்ன வேலைக்கு என்ன கூலி என்று கேட்டு நோட்டில் எழுதுவோம். பேரம் பேச அதுதான் முதல் படி.