கிடார் வாசிக்கத் தெரியாது, ஆனால் ஆம்ப் செய்தார்: ரேடியோ மெக்கானிக் லியோ ஃபெண்டரின் கதை

பெருங்களத்தூர் அபார்ட்மென்ட் ஒன்றில் ராத்திரி ஒன்பது மணிக்கு கிடாரை ஆம்பில் மாட்டி வால்யூமைக் கொஞ்சம் கூட்டினால் போதும், பக்கத்து ஃபிளாட் கதவு திறந்துவிடும். அதே சின்ன ஆம்பை ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் பக்கம் ஒரு சர்ச் ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போனால் கதை தலைகீழ். டிரம்ஸ், கீபோர்டு, பாடகர் குழு எல்லாம் சேர்ந்த சத்தத்தில் கிடார் காணாமல் போய்விடும். எல்லாருக்கும் கேட்கணுமே என்று முழுசாகத் திருகினால், சத்தம் பெரிதாகக் கூடாது. கரகரப்புதான் கூடும்.

எத்தனை வாட்ஸ் வேண்டும்? எத்தனை இன்ச் ஸ்பீக்கர் வாங்கணும்? ரிவெர்ப் தேவையா? இந்தக் கேள்விகளோடு 80 வருடங்களுக்கு முன்பே இசைக்காரர்கள் ஒரு ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனார்கள். கடைக்காரருக்கு கிடார் வாசிக்கத் தெரியாது. டியூன் பண்ணக்கூடத் தெரியாது. அவர் பேர் லியோ ஃபெண்டர்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் கிடார்களால் உலகம் முழுக்கத் தெரிந்த பேர் அது. ஆனால் அந்த கிடார்களுக்கு முன்பே அவர் செய்து விற்றது ஸ்டீல் கிடாரும் அதற்கான ஆம்பும்தான்.

ஸ்டீல் கிடார் என்றால் என்ன?

கோட்டுவாத்தியம் பார்த்திருந்தால் சட்டென்று புரியும். வீணை மாதிரி இருக்கும், ஆனால் மெட்டு கிடையாது. விரலால் அழுத்தாமல், ஒரு கட்டையைத் தந்திமேல் வழுக்கிக்கொண்டே வாசிப்பார்கள். ஸ்டீல் கிடாரிலும் இதே வேலைதான். மடியிலோ ஸ்டாண்டிலோ படுக்கவைத்து, ஓர் இரும்புத் துண்டை கம்பிகள்மேல் நகர்த்துவார்கள். ஸ்டீல் என்ற பேர் அந்த இரும்பிலிருந்து வந்தது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெகுகு என்பவரால் பிரபலமான முறை இது. இந்தியாவுக்கும் அது ஹவாயன் கிடார் என்ற பேரில் வந்தது. சமோவாவில் பிறந்த டாவ் மோ 1940-களில் குடும்பத்தோடு கொல்கத்தாவில் தங்கி வாசித்தார். அதற்குப் பிறகு நம் ஊர் சினிமாப் பாட்டுகளிலும் அந்த இழுவைச் சத்தம் இடம் பிடித்தது.

இந்த வாத்தியத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. வழுக்கிப் போகும் ஸ்வரம் கடைசிவரை தெளிவாகக் கேட்டால்தான் அழகு. கூட்டத்துக்கு நடுவில் அதன் சத்தமோ ரொம்பச் சின்னது. அதனால்தான் ரிக்கன்பேக்கர் நிறுவனம் 1930-களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த எலெக்ட்ரிக் கிடாரே ஒரு ஸ்டீல் கிடாராக இருந்தது. வாணலி மாதிரி இருந்ததால் வாணலி என்றே அதற்குப் பட்டப்பேர்.

ஒரு கண், ஒரு ரேடியோ

லியோ ஃபெண்டர் 1909 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனஹைம் பக்கம் ஓர் ஆரஞ்சுத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தார். எட்டு வயதில் கட்டி வந்து இடது கண்ணை இழந்தார். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அந்த இடத்தில் கண்ணாடிக் கண்தான்.

வண்டி எலெக்ட்ரிக் கடை வைத்திருந்த மாமா ஒருவர், தானே செய்த ரேடியோவைக் கடை வாசலில் சத்தமாக ஓடவிட்டிருந்தார். அந்த ஸ்பீக்கரில் வந்த சத்தம் பையன் மனதில் ஒட்டிக்கொண்டது. ஸ்கூல் நாட்களிலேயே ரேடியோக்களைப் பிரித்து ரிப்பேர் பண்ண ஆரம்பித்துவிட்டார்.

இத்தனைக்கும் அவர் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர் இல்லை. காலேஜில் படித்தது அக்கவுன்டிங். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினார், பிறகு மாநில நெடுஞ்சாலைத் துறையில் கணக்கராக இருந்தார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போனது. 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டன் நகரில் ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ் என்ற கடையைத் திறந்தார்.

ரேடியோ ரிப்பேர், ரெக்கார்டு விற்பனை, விழாக்களுக்கு மைக் செட் வாடகை. நம் ஊர் சவுண்ட் சர்வீஸ் கடைகள் செய்வதும் இதுதான். கெட்டுப்போன ஆம்போடு வரும் இசைக்காரர்கள் அங்கே தினசரி வாடிக்கை. எந்த பாகம் அடிக்கடி எரிகிறது, எந்த இணைப்பு ஆட்டத்தில் கழன்றுவிடுகிறது என்பதெல்லாம் அவர்களுடைய பழைய ஆம்புகளைப் பிரித்தே அவருக்குப் பாடமானது.

கண் காரணமாக ராணுவத்துக்குக் கூப்பிடவில்லை. போர்க்காலத்தில் கடையிலேயே டாக் காஃப்மன் என்பவரோடு சேர்ந்தார். அவர் ரிக்கன்பேக்கரில் வேலை பார்த்தவர், ஸ்டீல் கிடார் வாசிப்பவர். இருவரும் தங்கள் புது பிக்கப்பைச் சோதிக்க 1943-ல் ஒரு மரக்கட்டையில் கம்பி கட்டி ஒரு கிடார் செய்தார்கள். சோதனைக்குச் செய்த அதையே உள்ளூர் இசைக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். 1945-ல் கே அண்டு எஃப் என்ற பேரில் ஸ்டீல் கிடாரும் சின்ன ஆம்பும் விற்க ஆரம்பித்தார்கள். கடன் பயத்தில் காஃப்மன் அடுத்த வருடமே விலகிக்கொண்டார். லியோ தனியாகத் தொடர்ந்தார்.

சத்தம் வேறு, சுத்தம் வேறு

ஸ்டீல் கிடார் வாசிப்பவருக்கு வலது கால் பக்கத்தில் ஒரு வால்யூம் பெடல் இருக்கும். கம்பியைத் தட்டியதும் ஸ்வரம் பலமாகக் கிளம்பும், பிறகு மெல்ல மங்கும். மங்க மங்க அவர் பெடலை அழுத்திக்கொண்டே போவார். அதனால் ஸ்வரம் பாடகரின் மூச்சு மாதிரி நீண்டு நிற்கும்.

இதற்கு ஆம்பில் எப்போதும் கையிருப்பு வேண்டும். பாதி பலத்தில் ஆரம்பித்து முழு பலத்துக்குப் போகும்போதும் கரகரக்கக் கூடாது. ஸ்டீல் கிடார்காரர் பெரிய வாட்ஸ் கேட்பது காதைக் கிழிக்க அல்ல, சுத்தமாகக் கேட்க. லியோவுக்குப் பிடித்ததும் கன்ட்ரி, ஹவாய் இசைதான். பல வருடங்கள் அவர் வேலை ஒரே திசையில் போனது: இன்னும் சத்தமாக, ஆனால் கரகரப்பு இல்லாமல்.

ஸ்பீக்கர் விஷயத்திலும் அப்படியே. 1946-ல் வந்த அவருடைய மர ஆம்புகளிலேயே 8 இன்ச், 10 இன்ச், 15 இன்ச் என்று மூன்று அளவு இருந்தது. சீக்கிரமே இரண்டு 10 இன்ச் ஸ்பீக்கர் வைத்த ஆம்பும் வந்தது. 1952-ல் ட்வின் என்ற ஆம்பில் இரண்டு 12 இன்ச். ஒரே ஸ்பீக்கர் மேல் முழு பாரத்தையும் ஏற்றாமல் இரண்டுக்குப் பிரித்துக் கொடுத்தால், இரண்டும் அலட்டிக்கொள்ளாமல் பாடும்.

தனக்கு வாசிக்கத் தெரியாததால் வாசிப்பவர்களையே நம்பினார். டான்ஸ் ஹாலுக்கு ஆம்பைக் கொண்டுபோய்க் கொடுப்பார், நின்று கேட்பார். கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே மேடைக்குப் போய் ஆம்பைத் திருகிய கதைகளும் உண்டு. 1953-ல் ஃபிரெடி தவாரெஸ் என்ற ஹவாய் இசைக்காரரை வேலைக்கே எடுத்துக்கொண்டார். அவர் நல்ல ஸ்டீல் கிடார் கலைஞர். அடுத்த வருடம் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவமைப்பில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

15 இன்ச் வந்த கதை

1960 வாக்கில் டிக் டேல் என்ற இளைஞர் கலிபோர்னியா கடற்கரை ஹால் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கில் கூட்டம். லியோ கொடுத்த ஆம்புகளும் ஸ்பீக்கர்களும் அடுத்தடுத்துப் பழுதாகித் திரும்பி வந்தன. கடையில் வாசித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. லியோவும் தவாரெஸும் நேரில் போய்க் கூட்டத்துக்கு நடுவில் நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. அத்தனை உடம்புகளும் சத்தத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. காலி அறையில் போதுமானது, நிறைந்த ஹாலில் போதாது.

விளைவாக வந்தது ஷோமேன் ஆம்ப். அதில் ஜேபிஎல் நிறுவனத்தின் டி130 வகை 15 இன்ச் ஸ்பீக்கர். இதற்காகவே பலப்படுத்திய மாடலுக்கு டி130எஃப் என்று பேர், எஃப் என்றால் ஃபெண்டர். அதே 15 இன்ச் ஸ்பீக்கரைப் பின்னால் ஸ்டீல் கிடார்காரர்களும் தேடிப் பிடித்தார்கள். அடி ஸ்வரம் தெளிவாக இருக்கும், உச்ச ஸ்வரம் காதில் ஊசி மாதிரி குத்தாது.

எஃபெக்ட்ஸ் பக்கமும் வேலை நடந்தது. 1950-களில் ஸ்டீல் கிடார்காரர்களுக்காக ஒரு பெடல் செய்தார். மேலும் கீழும் மிதித்தால் வால்யூம், பக்கவாட்டில் திருப்பினால் டோன். 1961-ல் தனிப் பெட்டியாக ஸ்பிரிங் ரிவெர்ப் வந்தது. 1963-ல் அது ட்வின் ஆம்புக்குள்ளேயே போனது. அந்த ட்வின் ரிவெர்ப், ஸ்டீல் கிடார் மேடைகளில் நெடுங்காலம் நிலைத்தது.

ஒரு வேடிக்கையும் உண்டு. சத்தம் ஏறி இறங்கினால் ட்ரெமோலோ, சுருதி ஏறி இறங்கினால் விப்ராட்டோ. லியோ தன் ஆம்புகளிலும் கிடார்களிலும் இந்த இரண்டு பேரையும் மாற்றிப் போட்டுவிட்டார். கிடார் உலகம் இன்றுவரை அந்தத் தப்பையே பேசிக்கொண்டிருக்கிறது.

சாகப்போகிறோம் என்று விற்றவர்

1950-களின் நடுவில் தொற்றிய கிருமி வருடக்கணக்கில் லியோவை வாட்டியது. இனி ரொம்ப நாள் இல்லை என்று முடிவுகட்டிவிட்டார். கம்பெனியைத் தன் கையாலேயே ஒழுங்காகக் கைமாற்றிவிடணும் என்று நினைத்தார். 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் அதை ஒரு கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது.

விற்றுச் சில வருடங்களில் வேறொரு டாக்டரின் மருந்தில் நோய் குணமானது. உயிர் மிஞ்சியது. ஆனால் அவர் பேர் எழுதிய கம்பெனி அவருடையது இல்லை. போட்டியாகத் தொழில் செய்யக் கூடாது என்று ஒப்பந்தம் வேறு கட்டிப்போட்டிருந்தது.

பணம் நிறைய இருந்தது, சும்மா இருக்க முடியவில்லை. 1970-களில் மியூசிக் மேன் என்ற நிறுவனத்தில் மறுபடி வேலை பார்த்தார். 70 வயதை ஒட்டி, பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு ஜி அண்டு எல் தொடங்கினார். ஜார்ஜ், லியோ என்ற இரண்டு பேர்களின் முதல் எழுத்துகள் அவை.

இதற்கிடையில் இன்னொரு திருப்பம். ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்பைப் பின்பற்றி 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷல் தன் முதல் ஆம்பைச் செய்தார். ராக் இசைக்காரர்கள் அதை முழுசாகத் திருகி, அந்தக் கரகரப்பையே இசையாக்கினார்கள். லியோ போராடி விரட்டிய குறைதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஸ்டீல் கிடார்காரர்கள் மட்டும் சுத்தமான சத்தத்தை விடவே இல்லை.

பெருங்களத்தூருக்கு என்ன பாடம்?

முதலில் வாட்ஸ் கணக்கு. வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது கொஞ்சம் வித்தியாசம், அவ்வளவுதான். 97 டெசிபல் ஸ்பீக்கரை மாற்றி 100 டெசிபல் ஸ்பீக்கர் போட்டாலே அதே பலன் கிடைத்துவிடும். அதனால் பெரிய ஆம்ப் வாங்கும் முன்பு ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எண்ணைப் பாருங்கள்.

அடுத்து ஓம். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலாக இணைத்தால் 4 ஓம். ஆம்ப் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுக்கணும். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவே கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஆஃப் செய்த பிறகும் உள்ளே உயிருக்கே ஆபத்தான வோல்டேஜ் தங்கும், அதனால் மூடியைக் கழற்றும் வேலை தெரிந்த மெக்கானிக்குக்கு மட்டும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ஆம்ப் என்றால், நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகிவிடாதீர்கள். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

எஃபெக்ட்ஸில் வரிசை முக்கியம். கிடார், வால்யூம் பெடல், டிலே, ரிவெர்ப், ஆம்ப். ரிவெர்பை வால்யூம் பெடலுக்கு முன்னால் வைத்தால், காலை எடுத்ததும் எதிரொலியும் சேர்ந்து அறுந்துவிடும்.

ஃபிளாட்டில் பழக 8 அல்லது 10 இன்ச் ஆம்ப் போதும். ஹாலுக்கு ஒரு 15 இன்ச், இல்லாவிட்டால் இரண்டு 12 இன்ச். எதுவானாலும் கடையில் கேட்டதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். வாசிக்கப்போகும் ஹாலில், ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை கேட்டுப் பாருங்கள். லியோவுக்கே அந்த விஷயம் கூட்டத்தில் போய் நின்ற பிறகுதான் பிடிபட்டது.

கடைசிக் காலத்தில் பார்கின்சன் நோய் அவர் கையை நடுங்கவைத்தது. அப்போதும் ஜி அண்டு எல் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21 அன்று, 81 வயதில் இறந்தார். முந்தைய நாள்கூட வேலைக்குப் போயிருந்தார். அவர் இறந்த பிறகு, ஃபுல்லர்ட்டனில் அவர் வேலை செய்த அறையையும் மேசையையும், அவர் விட்டுப்போனபடியே பாதுகாத்து வைத்தார்கள்.