பெயரை விட்டுச் சென்றவர்!

அமெரிக்காவில், 1960களில், 'மசில் கார்' எனப்படும் முரட்டு வேக கார்கள் பிரபலமாக இருந்தன. 1970ல் வந்த, 'செவ்ரோலெட் செவல்' காரில், மிகப்பெரிய இன்ஜினின் கொள்ளளவு, 7.4 லிட்டர், 450 குதிரைத்திறன் கொண்டது. நம் ஊர் சிறிய கார்களில், 1 லிட்டர் இன்ஜின் தானே இருக்கிறது!

அந்த காரின் பெயருக்கு உரியவர், லூயிஸ் செவ்ரோலெட். சுவிட்சர்லாந்தில், 1878ல், கடிகாரம் செய்பவரின் மகனாகப் பிறந்தார். குடும்பம், பிரான்சில் குடியேறியது. சைக்கிள் பழுது பார்த்த லூயிஸ், 1900ல் கப்பலேறி கனடா சென்றார். பின், அமெரிக்காவில் புகழ்பெற்ற கார் பந்தய வீரர் ஆனார்.

அவரது புகழை நம்பி, டியூரன்ட் என்ற தொழிலதிபர், 1911ல், அவருடன் சேர்ந்து கார் கம்பெனி துவங்கினார். லூயிஸ் உருவாக்கியது, 4.9 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின் கொண்ட பெரிய கார். விலை, 2,150 டாலர். போர்டு கம்பெனியின், 'மாடல் டி' காரோ, அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கே கிடைத்தது.

எனவே, மலிவான சிறிய கார் தான் வேண்டும் என்றார், டியூரன்ட். வியாபாரக் கணக்கில் அது சரி தான். ஆனால், லூயிஸ் சம்மதிக்கவில்லை. 1913ல் வெளியேறினார். பெயரோ, கம்பெனியிடமே தங்கி விட்டது!

தம்பிகளுடன் சேர்ந்து, பந்தய கார்கள் செய்தார், லூயிஸ். அவர் உருவாக்கிய காரில், தம்பி காஸ்டன், 1920ல், இண்டியானாபோலிஸ், 500 மைல் பந்தயத்தில் வென்றார். அதே ஆண்டு, வேறொரு பந்தயத்தில், விபத்தில் பலியானார். அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும்!

செல்வம் சேர்க்காமலே, 1941ல், டெட்ராய்ட் நகரில் காலமானார், லூயிஸ். 'பிக் பிளாக்' என்ற ராட்சத இன்ஜின்களை, செவ்ரோலெட் கம்பெனி தயாரிக்கத் துவங்கியது, 1958ல்!